கெர்னல் பில்ட் நின்றால் கம்பைலரின் வாயை அடைக்காதீர்கள்

பழைய போர்டுகளுக்கு லினக்ஸ் கெர்னலை (இயக்க முறைமையின் மையப் பகுதியை) பராமரிப்பவர்களுக்கு இது பழகிய தலைவலி. நேற்று வரை ஒழுங்காக ஓடிய பில்ட், கணினியில் உபுண்டுவைப் புதுப்பித்ததும் பிழை காட்டி நின்றுவிடும். கோடில் ஒரு வரிகூட மாறியிருக்காது, அதைத் தொகுக்கும் கம்பைலர்தான் மாறியிருக்கும். டெலிவரி நெருக்கடியில் பிழைச் செய்தியைத் தேடி, முதலில் கிடைக்கும் ஃபிளாகை (கம்பைலருக்கான கட்டளை விருப்பத்தை) பில்ட் விதிகள் உள்ள மேக்ஃபைலில் ஒட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இந்தப் பழக்கத்தைத்தான் விடச் சொல்கிறேன்.

2020-ல் வந்த ஜிசிசி (GCC) கம்பைலரின் 10-ஆம் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 4.x கெர்னல்களைப் பில்ட் செய்தால், 'ஒய்ஒய்லாக்' (yylloc) என்ற மாறி இரண்டு இடங்களில் வரையறுக்கப்பட்டிருப்பதாக தொகுத்த கோப்புகளை இணைக்கும் லிங்கர் புகார் சொல்லும். போர்டின் வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயைத் தொகுக்கும் டிடிசி கருவியில், சொற்களைப் பிரிக்கும் லெக்சர் கோப்பிலும், இலக்கணம் பார்க்க பைசன் என்ற கருவி உருவாக்கும் பார்சர் கோப்பிலும் அதே குளோபல் மாறி இருக்கிறது. ஆரம்ப மதிப்பு இல்லாத இப்படிப்பட்ட இரட்டை வரையறைகள் முன்பெல்லாம் சத்தமில்லாமல் ஒன்றாகிவிடும். ஜிசிசி 10 அந்தச் சலுகையை நிறுத்தி, 'எஃப்-நோ-காமன்' (-fno-common) விதியை இயல்பாக்கியது.

இணையத்தில் கிடைக்கும் மருந்து, அந்தப் பழைய சலுகையைத் திருப்பித் தரும் 'எஃப்-காமன்' (-fcommon) ஃபிளாக். ஆனால் அதை எங்கே போடுகிறோம்? டிடிசி நம் கணினியில் ஓடும் கருவி. போர்டுக்குப் போகும் கெர்னலில் அது இல்லை. கெர்னலின் சொந்த ஃபிளாக் பட்டியலில் அதைச் சேர்த்தால் பிழையும் தீராது, பல வருடங்களாக அங்கே இருந்துவரும் 'நோ-காமன்' காவலும் போய்விடும். உண்மையான திருத்தம் ஒரே வரிதான்: லெக்சர் கோப்பில் உள்ள அந்த வரையறையை நீக்க வேண்டும். பைசன் உருவாக்கும் ஹெடரில், மாறி வேறிடத்தில் இருக்கிறது என்று சொல்லும் எக்ஸ்டர்ன் அறிவிப்பு ஏற்கெனவே இருக்கிறது. மெயின்லைனும் (அதிகாரப்பூர்வ கெர்னலும்) அப்படித்தான் திருத்தியது. மிகப் பழைய கெர்னல் என்றால், முன்பே உருவாக்கி வைத்த லெக்சர் கோப்பும் கூடவே இருக்கும், அதிலும் நீக்குங்கள்.

2025-ல் வந்த ஜிசிசி 15-லும் இதே மாதிரி ஒரு சிக்கல். சி மொழியின் புதிய தரமான சி23 இயல்பானதால் ட்ரூ, ஃபால்ஸ், பூல் எல்லாம் மொழியின் சொற்களாகிவிட்டன. அவற்றைத் தானே வரையறுக்கும் பழைய கெர்னல் ஹெடர்கள் உடைகின்றன. பழைய சி தரத்தைக் குறிப்பிட்டால் போதும். ஆனால் எக்ஸ்86 பூட் பகுதி போன்ற சில டைரக்டரிகள் தனி ஃபிளாக் பட்டியல் வைத்திருக்கும். அங்கும் சேர்க்க வேண்டும். அப்புறம், அந்தக் காலத்து ஜிசிசியை ஒரு கன்டெய்னரில் (கணினிக்குள் தனித்த சூழலில்) வைத்துப் பில்ட் செய்வதும் நேர்மையான வழிதான்.

பிழையைவிட எனக்கு அதிகக் கவலை தருவது எச்சரிக்கையை மூடி மறைப்பது. மதிப்பு தரப்படாத மாறி பற்றிய எச்சரிக்கையை அடக்க, கெர்னலில் ஒரு மேக்ரோ நெடுநாள் இருந்தது. அது மாறிக்கு அதன் மதிப்பையே கொடுக்கும், அவ்வளவுதான். எழுதிய அன்று கோடு சரியாகவே இருந்திருக்கலாம். பிறகு வேறொருவர் அதே ஃபங்ஷனைத் திருத்தி, உண்மையிலேயே மதிப்பில்லாத பாதை ஒன்றை உண்டாக்கினாலும் கம்பைலர் வாய் திறக்காது. அதனால்தான் 2020-ல், 5.9 பதிப்பில், அந்த மேக்ரோவையே நீக்கினார்கள்.

எச்சரிக்கையே வராத ஆபத்தும் உண்டு. 2009-ல் 'டன்' நெட்வொர்க் டிரைவரில், பாயிண்டரை (நினைவக முகவரி வைத்திருக்கும் மாறியை) பயன்படுத்திய பிறகு அது நல்-ஆ (வெற்று முகவரியா) என்று சோதித்திருந்தார்கள். ஏற்கெனவே பயன்படுத்தியாகிவிட்டது, எனவே நல்லாக இருக்க முடியாது என்று கொண்டு ஜிசிசி அந்தச் சோதனையையே நீக்கிவிட்டது. தாக்குபவர் ரூட் அதிகாரம் பெறும் ஓட்டையானது அது. டிரைவரில் வரிகளின் வரிசையைத் திருத்தினார்கள். அத்துடன், நல் சோதனைகளை நீக்காதே என்ற ஃபிளாகும் முழுக் கெர்னலுக்கும் வந்தது. ஃபிளாக் போடுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. இங்கே காரணம் தெரிந்த பிறகு போட்டார்கள்.

கம்பைலர் மேலேயே தவறு இருக்கும் சமயம் அபூர்வம், ஆனால் உண்டு. 2014-ல் ஜிசிசி 4.9.0, ஸ்டாக் நினைவகத்தின் எல்லையைக் காட்டும் ஸ்டாக் பாயிண்டரை நகர்த்தும் முன்பே அதற்குக் கீழே மதிப்பை எழுதும் கோடை உருவாக்கியது. வேலைகளுக்குச் செயலியைப் பங்கிடும் ஷெட்யூலரின் ஒரு ஃபங்ஷன் பாதிக்கப்பட்டது. சந்தேகம் வந்தால் மேக் கட்டளையில் வி=1 கொடுத்து முழுக் கட்டளை வரியைப் பாருங்கள். அந்த ஒரு கோப்பை மட்டும் அசெம்பிளியாக எடுத்து, வேறு பதிப்பு ஜிசிசியிலோ கிளாங் என்ற வேறொரு கம்பைலரிலோ தொகுத்ததோடு ஒப்பிடுங்கள். தவறு கம்பைலருடையது என்று உறுதியானால், சுற்றுவழியை அந்தப் பதிப்புக்கு மட்டும் பொருந்தும் நிபந்தனையோடு எழுதி, ஜிசிசியின் பக் எண்ணையும் கமிட் செய்தியில் சேருங்கள். அந்தப் பதிப்பைக் கைவிடும் நாளில் எதை நீக்கலாம் என்று அடுத்தவருக்குத் தெரிய வேண்டும்.