இருப்புக் கொள்ளவில்லை என்றால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தமில்லை

சில மாதங்களுக்கு முன் ஓர் அம்மாவை அவர் மகன் கூட்டிக்கொண்டு வந்தார். "உட்காருங்கம்மா" என்றேன். உட்கார்ந்தார், அரை நிமிடத்தில் எழுந்துவிட்டார், அப்புறம் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றபடியேதான் பேசினார். "குரல் எதுவும் கேட்கல டாக்டர், மனசு தெளிவாத்தான் இருக்கு, இந்தக் கால்தான் சொன்ன பேச்சு கேட்க மாட்டேங்குது, ராத்திரியெல்லாம் நடக்கிறேன்." மனநோய் மாத்திரையின் அளவைக் கூட்டிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. மகனோ, நோய் முற்றிவிட்டது, டோஸை இன்னும் ஏற்றுங்கள் என்கிறார்.

ஏற்றியிருந்தால் அவர் பாடு இன்னும் திண்டாட்டமாகியிருக்கும். இதற்கு அகாத்திசியா என்று பெயர். கிரேக்கத்தில் 'உட்கார முடியாமை'. செக் மருத்துவர் ஹாஷ்கோவெட்ஸ் 1901இல் வைத்த பெயர் இது. நாம் 'இருப்புக் கொள்ளவில்லை' என்று சொல்வது அச்சு அசல் இதேதான். இந்தத் தவிப்பு தாங்காமல் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரைக்கும் போகிறவர்கள் உண்டு, அதனால்தான் இதை வெறும் படபடப்பு என்று ஒதுக்குவதைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

இந்த மாத்திரைகள் மூளையில் நரம்புகள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளைத் தடுக்கின்றன என்று பலருக்கும் தெரியும். கதை அதோடு முடிந்துவிடுவதில்லை. டோபமைன் தடைபட்டு வரும் விறைப்புக்கும் நடுக்கத்துக்கும் கொடுக்கிற டிரைஹெக்சிபெனிடில், இருப்புக்கொள்ளாமைக்குப் பல நேரம் எடுபடுவதில்லை. எடுபடுவது, நார்அட்ரினலின் என்ற இன்னொரு செய்திப் பொருள் வந்து ஒட்டி வேலை செய்யும் பீட்டா ஏற்பிகளை அடைக்கிற புரொப்ரனலால். அதிலும் அது மூளைக்குள் எளிதில் நுழையும் மருந்து. டோபமைன் அடங்கும்போது நார்அட்ரினலின் பக்கம் கட்டுமீறுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. அந்த அம்மாவுக்கு மாத்திரையைப் பழைய அளவுக்கே இறக்கினோம், ஆஸ்துமா இல்லை என்று கேட்டு உறுதிசெய்து, நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்த்து, குறைந்த அளவில் புரொப்ரனலால் சேர்த்தோம். அடுத்த முறை வந்தபோது உட்கார்ந்தே பேசினார். தயவுசெய்து இதைப் படித்துவிட்டு நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். ஆஸ்துமாக்காரருக்கு அது மூச்சையே இறுக்கிவிடும், இன்சுலின் போடுபவருக்குச் சர்க்கரை இறங்குவதன் படபடப்பை மறைத்துவிடும். மனநோய் மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்துதான்.

இருப்புக்கொள்ளாமை மனநோய் மாத்திரையால் மட்டும் வருவதில்லை, வாந்திக்குக் கொடுக்கிற மெட்டோகுளோப்ரமைடும் இதைச் செய்யும். தலைசுற்றலுக்கான சின்னரிசினும் ஒற்றைத் தலைவலிக்கான புளுனாரிசினும் மாதக்கணக்கில் ஓடினால் பார்கின்சன் நோயைப் போலவே நடை தளர்ந்து கை நடுங்கலாம். ஆகவே மருத்துவரிடம் போகும்போது வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

உண்மையான பார்கின்சனில் நிலைமை நேர்மாறு, அங்கே நார்அட்ரினலின் வற்றுகிறது. மூளைத்தண்டில் 'லோகஸ் செருலியஸ்', அதாவது நீலப்புள்ளி, என்று ஒரு சின்ன இடம் இருக்கிறது, மூளையின் நார்அட்ரினலினில் பெரும்பகுதி அங்கிருந்துதான் போகிறது. ஜெர்மன் உடற்கூறியலாளர் பிராக்கின் குழுவினர் 2003இல் முன்வைத்த, நோய் பரவும் படிநிலைப்படி, டோபமைன் செல்களைத் தொடுவதற்கு முன்பே நோய் அந்த இடத்தைத் தொட்டுவிடுகிறது. இதயத்துக்குப் போகும் நார்அட்ரினலின் நரம்புகளும் தேய்கின்றன. எம்ஐபிஜி என்ற ஸ்கேனில் அது தெரியும், மருந்தால் மட்டுமே வந்த நடுக்கமென்றால் பொதுவாக அந்த ஸ்கேன் இயல்பாக இருக்கும். இரண்டையும் பிரித்தறியக் குழம்பும்போது இது கைகொடுக்கிறது.

பார்கின்சனுக்கான லெவோடோபா மாத்திரை போட்டுக் கை கால் லேசான பிறகும் "எழுந்தா கண்ணு இருட்டுது, எதுலயும் பிடிப்பே இல்ல" என்று சொல்பவர்களிடம் நான் நார்அட்ரினலினை நினைத்துக்கொள்கிறேன். எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்காமல் பிடிப்பது அதுதான். லெவோடோபாவே அழுத்தத்தை இன்னும் இறக்கவும் கூடும். ஐந்து நிமிடம் படுக்கவைத்து ரத்த அழுத்தம் பாருங்கள், பிறகு நிற்கவைத்து ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் பாருங்கள், பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அந்தத் தாளை அப்படியே மருத்துவரிடம் காட்டுங்கள். உடலுக்குள் போய் நார்அட்ரினலினாகவே மாறும் டிராக்சிடோபா என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2014இல் ஒப்புதல் கிடைத்தது, இந்த இறக்கத்துக்காகத்தான்.