வாலில் சேரும் 10 கிராம்

தரையிறங்கும்போது விழுந்து உடைந்த ரேடியோ கன்ட்ரோல் விமானத்தை ஒட்டுவது பெரிய வேலை இல்லை. பால்சா மரத்துண்டு, எபாக்சி பசை, கொஞ்சம் பொறுமை போதும். பலரும் கோட்டை விடுவது அதற்கப்புறம்தான். ஒட்டிய விமானம் பார்க்கப் பழையபடியே இருக்கும். ஆனால் அதன் ஈர்ப்பு மையம், அதாவது மொத்த எடையும் சமநிலையில் நிற்கும் புள்ளி, இடம் மாறியிருக்கலாம்.

வழக்கமான விமானங்களில் இந்த மையம் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து, இறக்கை அகலத்தில் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை) 25 முதல் 33 சதவீதத் தூரத்தில் இருக்கும். அகலம் 20 செ.மீ. என்றால் 5 செ.மீ.க்கும் 6.6 செ.மீ.க்கும் நடுவே. அதாவது ஒன்றரை சென்டிமீட்டர் சொச்சம்தான் இடைவெளி.

இப்போது வால் முறிந்து, ஒட்டியதில் 10 கிராம் கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மையத்திலிருந்து அது 60 செ.மீ. பின்னால் இருக்கிறது. சீசாவின் நுனியில் உட்கார்ந்த சிறுவன் மாதிரி, எடை குறைவென்றாலும் பலம் அதிகம்: 10 கிராம் × 60 செ.மீ. = 600. ஒரு கிலோ விமானத்தில் மையம் கிட்டத்தட்ட 6 மி.மீ. பின்னால் போய்விடும்.

அதனால் என்ன? காற்று மூக்கைச் சற்றே தூக்கினால், இறக்கையிலும் வாலிலும் தூக்குவிசை கூடும். அந்தக் கூடுதல் விசை நடுநிலைப் புள்ளி என்ற இடத்தில் செயல்படும். ஈர்ப்பு மையம் அதற்கு முன்னால் இருந்தால் மூக்கு தானாகவே கீழே வரும். பின்னால் போய்விட்டாலோ அதே விசை மூக்கை இன்னும் மேலே தள்ளும். மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலான எலிவேட்டரைத் தொட்டாலே விமானம் துள்ளும், ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கும். மூக்கு கனத்த விமானம் மந்தமாகப் பறக்கும், வேகமாக இறங்கும், ஆனாலும் ஓரளவுக்குச் சமாளிக்கலாம். சந்தேகம் வந்தால் மூக்குப் பக்கமே கொஞ்சம் கனமாக இருக்கட்டும்.

மையம் சரியான இடத்தில் இருக்கிறதா என்று சோதிக்கும்போது பேட்டரி, புரொப்பெல்லர் எல்லாம் மாட்டியிருக்க வேண்டும். மையம் இருக்க வேண்டிய இடத்தை இறக்கையின் அடியில் இருபுறமும் குறித்து, அங்கே விரல் நுனி வைத்துத் தூக்குங்கள். இறக்கை உடலின் அடிப்பக்கம் இருக்கும் ரகம் என்றால் தலைகீழாகத் தூக்குவது நல்லது, இல்லாவிட்டால் கவிழப் பார்க்கும். எரிபொருளில் ஓடும் விமானமானால் டேங்க் காலியாக இருக்கட்டும்: டேங்க் பெரும்பாலும் மையத்துக்கு முன்னால் இருப்பதால், தீரத் தீர வால் கனக்கும்.

வால் தாழ்ந்தால் மூக்கில் எடையாக வைக்க உடனே ஈயத்தைத் தேடாதீர்கள். 150 கிராம் பேட்டரியை 4 செ.மீ. முன்னே நகர்த்தினால் அதே 600; ஒரு கிராம்கூட எடை ஏறாது. மையத்துக்கு 20 செ.மீ. முன்னால் ஈயம் வைப்பதென்றால் 30 கிராம் வேண்டும், விமானம் சுமக்கும் எடையும் கூடும்.

இறக்கை நுனியை ஒட்டியிருந்தால் இடவலச் சமநிலையையும் பாருங்கள். புரொப்பெல்லர் தண்டையும் வாலின் நடுவையும் பிடித்துத் தூக்கினால் கனமான பக்கம் தாழும். எதிர் நுனியில் கொஞ்சம் எடை ஒட்டினால் சரி. விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடலான ஏலரானைச் சற்றே திருப்பி நிறுத்தி (ட்ரிம்) இதை மறைக்கலாம்தான், ஆனால் அது ஒரே வேகத்துக்கு மட்டுமே பொருந்தும். லூப் போட, அதாவது செங்குத்தாக வட்டமடிக்க, எலிவேட்டரை இழுத்தால் கனத்த பக்கம் தாழ்ந்து விமானம் கோணலாகத் திரும்பும்.