தொகுதி மேம்பாட்டு நிதி: சொல் விளக்கம்

நாடாளுமன்ற உறுப்பினரோ சட்டமன்ற உறுப்பினரோ தம் தொகுதிக்குத் தேவையான சிறு பணிகளைப் பரிந்துரைப்பதற்காக அரசு ஆண்டுதோறும் ஒதுக்கும் தொகையே தொகுதி மேம்பாட்டு நிதி. ஊர்வழக்கில் இதை ‘எம்.பி. நிதி’, ‘எம்.எல்.ஏ. நிதி’ என்றே சொல்கிறோம். பேருந்து நிழற்குடையிலும் அங்கன்வாடிச் சுவரிலும் உறுப்பினரின் பெயரோடு இச்சொற்களைப் படித்துப் பழகியதால், அவர் தம் கையிலிருந்து எடுத்துக் கொடுத்த பணம் இது என்று எண்ணுவோர் பலர். உண்மையில் ஒரு ரூபாயும் அவர் கைக்கு வருவதில்லை. அவர் தருவது பரிந்துரைக் கடிதம் மட்டுமே. பொறியாளர் மதிப்பீடு தயாரிக்க, மாவட்ட ஆட்சியர் நிர்வாக அனுமதி வழங்க, ஊராட்சி ஒன்றியமோ நகராட்சியோ வேறு துறையோ ஒப்பந்தப்புள்ளி கோரிப் பணியை முடிக்கிறது. இந்நிதியை உயர்த்த வேண்டும் என்று உறுப்பினர் ஒருவர் அவையில் கேட்டவுடன் ‘இவர்களுக்கு இன்னும் பணமா?’ என்ற குரல் எழுவதற்கு அந்தச் சுருக்கப்பெயரும் ஒரு காரணம் என்பதால், முழுப்பெயரின் பொருளை அறிந்துகொள்வது அவசியமாகிறது.

‘தொகு’ என்னும் வினையடியிலிருந்து பிறந்தது தொகுதி. கூட்டம், திரட்டு, சேர்க்கை என்பன அதன் பழைய பொருள்கள். ஊர்கள் பலவற்றைச் சேர்த்து ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் பரப்பாக வகுத்ததால், தேர்தல் வழக்கிலும் அச்சொல் இயல்பாகப் பொருந்திவிட்டது. மேம்பாடு என்பது ‘மேம்படு’ என்னும் வினையின் முதனிலை நீண்டு உருவான தொழிற்பெயர். கெடு என்பது கேடு ஆவதைப் போல, படு என்பது பாடு ஆயிற்று. வளர்ச்சி தானாகவும் நிகழலாம். மேம்பாடு என்னும்போதோ இருந்த நிலையைவிட உயர்ந்த நிலையை எய்துதல் என்னும் கருத்து அழுத்தம் பெறுகிறது.

நிதி மட்டும் வடசொல். ‘கீழே வைத்தல், உள்ளே வைத்தல்’ என்னும் பொருளுள்ள வினையிலிருந்து பிறந்து, சேமித்து வைத்த செல்வத்தை அது குறித்தது. குபேரனுக்கு உரியனவாகச் சொல்லப்படும் சங்கநிதி, பதுமநிதி ஆகிய பெயர்களில் அந்தப் பழம்பொருள் இன்னும் இருக்கிறது. இதற்கு நேரான தமிழ்ச்சொல் ‘வைப்பு’. ஏழையின் பசியைத் தீர்ப்பதே ஒருவன் தன் பொருளைச் சேர்த்துவைக்கும் இடம் என்னும் கருத்தில் ‘பொருள்வைப் புழி’ என்று திருக்குறள் (226) சொல்வது இங்கு நினைக்கத்தக்கது. இன்று வைப்பு என்பதை வங்கிகள் தமதாக்கிக்கொண்டன. வைப்புத்தொகை என்றால் வட்டிக்குப் போட்ட பணம் என்றே யாரும் கொள்வர்.

இந்திய ஒன்றிய அளவில் இத்திட்டத்தை 1993 டிசம்பர் 23 அன்று பிரதமர் பி.வி. நரசிம்ம ராவ் அறிவித்தார். அதன் அதிகாரப் பெயரில் ‘தொகுதி’ இல்லை. ‘உள்ளூர்ப் பகுதி மேம்பாடு’ என்றே இருக்கிறது. மாநிலங்களவை உறுப்பினருக்கு மக்களவை உறுப்பினரைப் போலத் தனித் தொகுதி கிடையாது. அவர் தம் மாநிலத்தின் எப்பகுதிக்கும், நியமன உறுப்பினர் நாட்டின் எப்பகுதிக்கும் பணிகளைப் பரிந்துரைக்கலாம் என்பதால் அந்தப் பெயரே பொருத்தமானது. தமிழ்நாட்டு அரசின் திட்டமோ சட்டமன்ற உறுப்பினர் ‘தொகுதி மேம்பாட்டுத் திட்டம்’ என்றே வழங்குகிறது.

முதலாண்டில் ஓர் உறுப்பினருக்கு 5 லட்சம் ரூபாயாக இருந்த ஒன்றிய ஒதுக்கீடு 1994-95இல் 1 கோடி, 1998-99இல் 2 கோடி, 2011-12இல் 5 கோடி ரூபாய் என உயர்ந்து, அதன்பின் அங்கேயே நின்றுவிட்டது. உயர்வு கேட்கும் உறுப்பினரின் வாதத்துக்கு இதுவே முதல் அடிப்படை: சிமெண்ட், கம்பி, மணல், கூலி ஆகிய யாவும் ஏறியபின், 2011இல் ஒரு கோடியில் கட்டிய அளவு வகுப்பறைகளை இன்று அதே கோடியில் கட்ட முடியாது. அரசுப் பணி ஒப்பந்தங்களுக்கான சரக்கு மற்றும் சேவை வரியும் 2022 ஜூலையில் 12 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாயிற்று. 5 கோடி முழுவதும் கட்டுமானத்துக்கே செல்லுமானால், அதில் ஏறத்தாழ 76 லட்சம் ரூபாய் வரியாகவே அரசுக்குத் திரும்புகிறது.

தமிழ்நாட்டின் கணக்கைப் பார்த்தால் நெருக்கடி இன்னும் தெளிவாகும். இங்கே ஒரு மக்களவைத் தொகுதி ஆறு சட்டமன்றத் தொகுதிகளைக் கொண்டது. 5 கோடியை ஆறாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 83 லட்சம் ரூபாய்தான். சட்டமன்ற உறுப்பினர் நிதி மாநிலத்தில் 2 கோடியிலிருந்து இரண்டரைக் கோடியாகவும் பின்னர் 3 கோடியாகவும் உயர்ந்தது. அந்த 3 கோடிக் கணக்கில் அதே பரப்புக்கு ஆறு சட்டமன்ற உறுப்பினர்கள் வழியாக 18 கோடி வருகிறது. நியாயவிலைக் கடைக்கு ஒரு கட்டடம், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, சுடுகாட்டுக்குப் பாதை என்று பெரிய திட்டங்களின் கண்ணில் படாத தேவைகளோடு மக்கள் வரும்போது, நூற்றுக்கணக்கான மனுக்களில் மிகச் சிலவற்றையே நாடாளுமன்ற உறுப்பினர் பரிந்துரைக்க முடிகிறது. இந்த வாதம் நியாயமானது என்பதே என் கருத்து.

எதிர்வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. சட்டம் இயற்றுபவர் நிர்வாகத்தின் வேலையில் கைவைக்கிறார் என்று கூறி, இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2007இல் இத்திட்டங்களை நிறுத்தவே பரிந்துரைத்தது. உறுப்பினர் பரிந்துரைக்க மட்டுமே செய்கிறார் என்பதைச் சுட்டி, 2010இல் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு ஒன்றியத் திட்டம் செல்லும் என்றது. ஆனால் சட்டப்படி செல்லுபடியாவது வேறு, மக்களின் நம்பிக்கையைப் பெறுவது வேறு. எந்தப் பணி, எந்த ஊர், எவ்வளவு செலவு, முடிந்ததா இல்லையா என்பதை ஊரார் படிக்கும்படி வைத்துவிட்டுக் கேட்கும் உயர்வுக்கே வலு அதிகம்.

நிலையான தொகையாகக் கேட்பதைவிட வருவாயில் ஒரு பங்காகக் கேட்பது இன்னும் பொருத்தம். கென்யா 2003இல் இயற்றிய சட்டம் அரசின் வருவாயில் குறைந்தது 2.5 விழுக்காட்டைத் தொகுதிகளுக்கு ஒதுக்கி, அதில் நான்கில் மூன்று பங்கைச் சமமாகவும் மீதியை வறுமை அளவைக் கொண்டும் பகிர்ந்தது. அந்நாட்டு நிதிமுறை பின்னர் நீதிமன்றங்களில் கடும் சோதனைக்கு உள்ளாயிற்று என்றாலும், விலைவாசியோடு தொகையும் உயரவும், ஏழைத் தொகுதி கூடுதலாகப் பெறவும் வழிசெய்யும் அந்த முறை கற்கத்தக்கது.

‘நிதி’ என்னும் வடசொல்லுக்கு ஈடாகத் தமிழ்ச்சொல்லாக எதை ஆளலாம்? இலங்கைத் தமிழில் 1974இல் தொடங்கிய இதையொத்த முறைக்கு ‘பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டம்’ என்ற பெயர் வழங்குகிறது. அது அதிகாரம் பரவலாவதைச் சொல்கிறது, தொகுதியைச் சொல்வதில்லை. ‘தொகுதி மேம்பாட்டுத் தொகை’ என்றால் தொகுதி, தொகை ஆகிய இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்து அழகாக இணைகின்றன. எனினும் ‘தொகுதி மேம்பாட்டு ஒதுக்கீடு’ என்பதையே நான் பரிந்துரைப்பேன். காத்த பொருளை ‘வகுத்தலும்’ வல்லது அரசு என்னும் குறளின் (385) கருத்துக்கு அது நெருங்கிவருகிறது. வகுத்துத் தருவது அரசு, பெறுவது தொகுதி என்பதும் அதில் வெளிப்படை. அரசாணைகளில் நிலைத்துவிட்ட ‘நிதி’ அங்கே இருக்கட்டும். உயர்வு கோரும் தீர்மானத்திலும் பணி முடிந்தபின் வைக்கும் பெயர்ப்பலகையிலும் ‘தொகுதி மேம்பாட்டு ஒதுக்கீட்டிலிருந்து’ என்று எழுதலாம்.