சுடர் அணையாத ஊரில் கரண்ட் இல்லை

ஈராக்கின் தெற்கே இருக்கும் பாஸ்ராவில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெயில் 50 டிகிரி செல்சியஸைத் தொடும். ஏசி இல்லாமல் வயதானவர்களும் குழந்தைகளும் தாக்குப்பிடிக்க முடியாத அந்த நாட்களில்தான் அங்கே கரண்ட் போகிறது. சில நாட்களில் பாதி நாளுக்கும் மேல் வராது. நகரை விட்டு மேற்கே போனால் ருமைலா எண்ணெய் வயல். அங்கே உயரமான குழாய்களின் நுனியில் இரவும் பகலும் சுடர் எரிந்துகொண்டிருக்கும். எரிவது இயற்கை எரிவாயு. மின்நிலையத்துக்குப் போயிருந்தால் அந்த ஊரின் விளக்குகளையும் ஏசிகளையும் ஓட்டியிருக்கக்கூடிய வாயு.

இதைவிட வேதனையானது ஒன்று உண்டு. தன் மண்ணில் கிடைக்கும் வாயுவை இப்படி எரித்துவிட்டு, மின்நிலையங்களை ஓட்டுவதற்காகப் பக்கத்து நாடான ஈரானிடம் ஈராக் பல ஆண்டுகளாக எரிவாயு வாங்கிவந்திருக்கிறது.

ஊழல் என்று ஒரே சொல்லில் இதை முடித்துவிடுபவர்கள் உண்டு. ஊழல் இருப்பது உண்மைதான். ஆனால் சுடர் ஏன் எரிகிறது, கம்பியில் ஏன் மின்சாரம் வரவில்லை என்பதை அந்தச் சொல் விளக்காது. பாறையிலிருந்தே தொடங்கிப் பார்க்கலாம்.

எண்ணெய் இருக்கும் ஆழத்தில் அழுத்தம் மிக அதிகம். அந்த அழுத்தத்தில் எரிவாயு எண்ணெய்க்குள்ளேயே கரைந்து கிடக்கும், மூடி திறக்காத சோடா பாட்டிலில் வாயு அடங்கிக் கிடப்பது போல. கிணறு தோண்டியதும் எண்ணெய் மேலே ஏறுகிறது. ஏற ஏற அழுத்தம் குறைகிறது, வாயு நுரைத்துப் பிரிகிறது. எண்ணெய் மட்டும் வேண்டும், வாயு வேண்டாம் என்று கிணற்றிடம் சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்தே வரும்.

வந்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றி வைக்கலாம், கப்பலில் ஏற்றலாம். வாயு அப்படி அடங்காது. அதிலிருக்கும் நீரையும், நச்சுத்தன்மை கொண்ட ஹைட்ரஜன் சல்ஃபைடையும் நீக்க வேண்டும், பிறகு அழுத்த வேண்டும், தனிக் குழாய் போட வேண்டும். குழாயின் மறுமுனையில் அதை வாங்கிக்கொள்ள ஒரு மின்நிலையமோ தொழிற்சாலையோ தயாராக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மிச்சம் இருக்கும் வழி கொளுத்திவிடுவதுதான். கொளுத்தாமல் காற்றில் திறந்துவிட்டால் இன்னும் மோசம். வாயுவின் பெரும்பகுதியான மீத்தேன், 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், கார்பன் டைஆக்சைடைப் போல சுமார் 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். அதனால்தான் அதை எரிக்கிறார்கள். ஆனால் காற்றடிக்கும்போதும் சுடர் சரியாக எரியாதபோதும் ஒரு பகுதி மீத்தேன் எரியாமலே தப்பிவிடும். கரியும் பென்சீன் போன்ற புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களும் காற்றில் கலக்கும். குடியிருப்புகளிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் சுடர் இருக்கக் கூடாது என்று ஈராக் சட்டம் சொல்கிறது. ருமைலா பக்கத்துக் கிராமங்களில் சுடர் வெளிச்சத்தில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

அளவைப் பாருங்கள். சமீப ஆண்டுகளில் ஈராக் ஆண்டுக்குச் சுமார் 1,700 கோடி கன மீட்டருக்கும் மேல் வாயுவை இப்படி எரித்திருக்கிறது. உலகில் அதிகம் எரிக்கும் முதல் சில நாடுகளில் ஒன்று அது. ஒரு கன மீட்டர் வாயுவில் ஏறக்குறைய 10 யூனிட் வெப்ப ஆற்றல் உண்டு. ரொம்பச் சாதாரணமான எரிவாயு டர்பைனில் போட்டாலும் அதில் 3 யூனிட் மின்சாரமாகக் கிடைக்கும். ஆக, ஆண்டுக்கு 5,000 கோடி யூனிட்டுக்கும் மேல். 5,000 மெகாவாட் நிலையம் ஒன்று ஒரு நிமிடமும் நிற்காமல் ஆண்டு முழுவதும் ஓடினால் கிடைக்கும் மின்சாரத்தைவிட இது அதிகம்.

சரி, குழாய் போடுவது அவ்வளவு பெரிய வித்தையா? இல்லை. இங்கேதான் தொழில்நுட்பம் முடிந்து அரசியல் தொடங்குகிறது.

2009-இல் ஈராக் தன் எண்ணெய் வயல்களை ஏலம் விட்டபோது, நிறுவனங்களுக்குப் பங்கு கிடையாது, கூலி மட்டும்தான் என்றது. ருமைலாவை எடுத்த பிரிட்டிஷ்-சீனக் கூட்டணிக்குக் கூடுதலாக எடுக்கும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் 2 டாலர். நாட்டின் சொத்தைக் காக்கும் ஒப்பந்தம் என்ற வகையில் நல்ல ஒப்பந்தம்தான். ஆனால் கூலி பீப்பாய்க்குத்தானே? அணைக்கப்பட்ட சுடருக்கு யாரும் கூலி நிர்ணயிக்கவில்லை. அரசின் அவசரமும் அதே திசையில்தான் இருந்தது. பட்ஜெட் வருமானத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் கச்சா எண்ணெயிலிருந்து வருகிறது. 40 லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் போட வேண்டும். இன்று எடுக்கும் பீப்பாய் அடுத்த மாதச் சம்பளம். இன்று கட்டத் தொடங்கும் வாயு ஆலை ஐந்து ஆண்டுகள் கழித்து வரப்போகும் மின்சாரம், அதுவும் வேறொரு அமைச்சர் திறந்துவைக்கப் போவது.

அப்புறம் அமைச்சகங்களின் கதை. 2003-இல் அமெரிக்கப் படையெடுப்பில் சதாம் ஹுசைன் ஆட்சி விழுந்த பிறகு ஈராக்கில் ஷியா, சன்னி, குர்து கட்சிகள் அமைச்சகங்களைப் பங்குபோட்டுக்கொள்ளும் முறை வந்தது. முஹாஸஸா என்பார்கள். வாயு எண்ணெய் அமைச்சகத்தின் கையில், டர்பைன் மின்சார அமைச்சகத்தின் கையில். இரண்டும் வெவ்வேறு கட்சிகளிடம் இருக்கலாம். வாயு வருவதற்கு முன்பே எரிவாயு டர்பைன்கள் வாங்கியாகிவிட்டது. வாயு இல்லாததால் அவற்றில் சிலவற்றைக் கச்சா எண்ணெயிலும் கனமான எரிஎண்ணெயிலும் ஓட்டினார்கள். டர்பைன் தேயும், திறன் குறையும், பழுதுபார்க்கும் செலவு ஏறும்.

எண்ணெய்ப் பணம் அரசியலை எப்படி மாற்றுகிறது என்பதை 1970-இலேயே ஈரானியப் பொருளாதார அறிஞர் ஹொசைன் மஹ்தவி எழுதினார். வரி வாங்கும் அரசு மக்களிடம் கை நீட்ட வேண்டும், கை நீட்டினால் கணக்கும் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து வாடகை போல வந்து விழும் பணத்தில் வாழும் அரசுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஈராக்கின் மின்கம்பியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். மின்கட்டணம் மிகக் குறைவு, அதையும் பலரிடம் வசூலிப்பதில்லை. வசூல் இல்லாததால் டிரான்ஸ்ஃபார்மர் மாற்றக் காசில்லை. பழைய கம்பியிலும் கொக்கியிலுமாக, உற்பத்தியாகும் மின்சாரத்தில் பாதியளவு பில் போடப்படாமலே போகிறது. கரண்டே ஒழுங்காக வராதபோது நான் ஏன் கட்டணம் கட்ட வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்கிறார். அவர் கேட்பதில் என்ன தப்பு?

அதே வீட்டுக்காரர் தெருமுனை ஜெனரேட்டர்காரருக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறார். ஈராக் நகரங்களில் ஒவ்வொரு பகுதிக்கும் இப்படி ஒரு டீசல் ஜெனரேட்டர் உண்டு. இத்தனை ஆம்பியருக்கு இவ்வளவு என்று கணக்கு. விசிறிக்கும் விளக்குக்கும் சில ஆம்பியர் போதும், ஏசி வேண்டுமென்றால் அதிகம் வாங்க வேண்டும். அரசு மலிவாகக் கொடுக்கிறது என்று சொல்லப்படும் மின்சாரம் மக்களுக்கு உண்மையில் மலிவே இல்லை.

இது வெறும் அசௌகரியமாக நிற்கவில்லை. 2018 கோடையில் பாஸ்ராவில் மின்சாரத்தோடு குடிநீரும் கெட்டது. ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். மக்கள் தெருவுக்கு வந்தார்கள், மின்சார அமைச்சர் பதவியிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டார். 2019 அக்டோபரில் எழுந்த பெரும் போராட்டம் பிரதமரையே விலகவைத்தது, நூற்றுக்கணக்கான இளைஞர்களின் உயிரையும் எடுத்தது. 2021 கோடையில் இன்னொரு மின்சார அமைச்சர் ராஜினாமா செய்தார்.

பாஸ்ராவில் பிறந்த ஒருவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஃபாரூக் அல்-காசிம், புவியியலாளர். ஈராக்கில் எண்ணெய் நிறுவனத்தில் நல்ல பதவியில் இருந்தவர். மூளைவாதத்தோடு பிறந்த மகனுக்கு நல்ல சிகிச்சை வேண்டும் என்று 1968-இல் மனைவியின் நாடான நார்வேக்குக் குடும்பத்தோடு போனார். ஓஸ்லோவில் இறங்கிய அன்று, மனைவியின் ஊருக்கு ரயில் ஏற இன்னும் பல மணி நேரம் இருந்தது. சும்மா இருப்பானேன் என்று தொழில் அமைச்சகத்துக்கு நடந்தார். வட கடலில் எண்ணெய் தேடும் நிறுவனங்களின் பட்டியல் கிடைத்தால் வேலை தேடலாம் என்பது அவர் எண்ணம். அமைச்சகத்தில் எண்ணெய் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். அவரையே ஆலோசகராக எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே எகோஃபிஸ்க் என்ற பெரிய எண்ணெய் வயல் கிடைத்தது.

எண்ணெய் வந்து என்னவாகும் என்பதை ஈராக்கில் பார்த்துவிட்டு வந்தவர் அவர். எண்ணெய் எடுக்கும் அரசு நிறுவனமும், அதைக் கண்காணிக்கும் அமைப்பும் வெவ்வேறாக இருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை உருவாக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1972-இல் இரண்டும் தனித்தனியே பிறந்தன. அதற்கு முந்தைய ஆண்டு நார்வே நாடாளுமன்றத்தில் எண்ணெய்க்கென்று பத்துக் கட்டளைகள் வகுக்கப்பட்டன. அவற்றில் ஒன்றை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு பாஸ்ரா நினைவுக்கு வரும். பயன்படுத்தத்தக்க எரிவாயுவை, சோதனைக்கான குறுகிய காலம் தவிர, எரிக்க அனுமதிக்கக் கூடாது.

வாயுவுக்கு வழி சொல்லாமல் எண்ணெய் எடுக்க முடியாது என்று ஆனதும் நிறுவனங்கள் வழி கண்டன. ஒரு பகுதியைத் திரும்பப் பாறைக்குள்ளேயே செலுத்தினால் அழுத்தம் குறையாமல் எண்ணெய் கூடுதலாக ஏறும். மீதிக்கு 1977-இல் கடலடிக் குழாய் ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்தது. பணத்துக்கும் கட்டு இருந்தது. எண்ணெய் வருமானம் தனி நிதியில் சேர்கிறது. ஆண்டுதோறும் அந்த நிதியின் எதிர்பார்க்கும் லாபத்துக்குள் மட்டும் செலவழிக்கலாம். 2001-இல் அது 4 சதவீதம், பிறகு 3 சதவீதம்.

நார்வேயை மெச்சிவிட்டு நகர்ந்துவிட முடியாது. எண்ணெய்க்கு முன்பே அங்கே வரி வாங்கும் அரசும் கேள்வி கேட்கும் நாடாளுமன்றமும் இருந்தன. மின்சாரம் எடுக்க அருவிகளைத் தனியாருக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கொடுத்து, பிறகு அரசே திரும்பப் பெறும் சட்டங்கள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டன. நீரில் பழகிய பாடத்தைத்தான் எண்ணெயில் எழுதினார்கள். இன்று நார்வேயின் மின்சாரம் பெரும்பாலும் அருவியிலிருந்து வருகிறது, 2024-இல் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது கிட்டத்தட்ட மின்கார்கள். ஆனால் வெளிநாட்டுக்கு விற்கும் எண்ணெயின் புகை அதன் கணக்கில் ஏறுவதில்லை. இது எனக்கு ஒப்பவில்லை.

பாஸ்ராவுக்கு அருவி கிடையாது, வெயில் உண்டு. ஆனால் சோலார் பேனலுக்குப் பிடித்தது வெளிச்சம், வெப்பம் அதற்கு ஆகாது. பேனலின் வெப்பநிலை 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் உற்பத்தி 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். 50 டிகிரி காற்றில் பேனல் 75 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு போச்சு. புழுதிக்காற்று அடித்தால் துடைக்க வேண்டும். அப்படியும் மிச்சம் இருப்பது தாராளம், மதிய வேளையில் ஏசிகள் முழு வேகத்தில் ஓடும்போதுதான் பேனலும் நிறையக் கொடுக்கிறது. சிக்கல் சூரியன் இறங்கிய பிறகு. சுவர்கள் நள்ளிரவு வரை சூடு கக்கும், ஏசி நிற்காது. அந்த நேரத்துக்கு பேட்டரி வேண்டும், அல்லது சில நிமிடங்களில் வேகம் பிடிக்கும் எரிவாயு டர்பைன் வேண்டும். டர்பைனுக்கு வேண்டிய வாயு பக்கத்திலேயே சுடராக எரிந்துகொண்டிருக்கிறது.

2023 ஜூலையில் பிரெஞ்சு நிறுவனமான டோட்டல்எனர்ஜிஸோடு ஈராக் செய்துகொண்ட 2,700 கோடி டாலர் ஒப்பந்தத்தில் இரண்டும் ஒன்றாக வருகின்றன. தெற்கு வயல்களில் எரியும் வாயுவைப் பிடித்து மின்நிலையங்களுக்கு அனுப்புவது, பாஸ்ராவில் 1,000 மெகாவாட் சூரிய மின்நிலையம் கட்டுவது. ஈரான் மீது அமெரிக்கா போட்ட பொருளாதாரத் தடையிலிருந்து, மின்சாரம் வாங்குவதற்காக ஈராக்குக்குக் கிடைத்துவந்த விலக்கு 2025 மார்ச்சில் நின்றுபோனதால் அவசரமும் கூடியிருக்கிறது. வாயு வரும், வெயிலும் மின்சாரமாகும். அது வீடுவரை போய்ச் சேர வேண்டியது அதே பழைய கம்பியிலும், பில் போடப்படாத அதே மீட்டரிலும்தான். அதுவரை பாஸ்ராக்காரர் ஜெனரேட்டர்காரரிடம் ஆம்பியர் வாங்கிக்கொண்டிருப்பார்.