கொழுந்து எடையை மாக் செய்ய வேண்டாம்

இலங்கையில் ஹட்டன், பதுளைப் பக்கம் தேயிலைத் தோட்டக் கணக்குக்கு மென்பொருள் எழுதும் நம் பிள்ளைகளின் யூனிட் டெஸ்டுகளை, அதாவது நிரலின் ஒவ்வொரு சிறு பகுதியையும் தனியே சோதிக்கும் நிரல்களை, சரிபார்த்துக் கொடுக்கிறேன். திரும்பத் திரும்பக் கண்ணில் படும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

பைத்தானில் எடைக்கென்று தனிக் கிளாஸ் எழுதி, கூட்டல், கழித்தல், ஒப்பீட்டுக் குறிகளை ஓவர்லோட் செய்கிறார்கள்; அதாவது எடைக்கு அந்தக் குறிகள் எப்படி வேலை செய்ய வேண்டும் என்று தாங்களே எழுதுகிறார்கள். நல்ல வழிதான். கிலோவோடு ரூபாயைக் கூட்டப்போனால் அங்கேயே தடுத்துவிடலாம். ஆனால் டெஸ்டுக்கு வந்ததும் எடையை மாக் செய்கிறார்கள்: நிஜ எடையின் இடத்தில் ஒரு மேஜிக்மாக்கை, அதாவது எதைக் கேட்டாலும் ஏதோ ஒரு பதில் தரும் பைத்தானின் போலிப் பொருளை, வைத்துவிடுகிறார்கள்.

காலை எடையும் மாலை எடையும் கூட்டி, கொழுந்தின் ஈரத்துக்கான தண்ணீர்க் கழிவைக் கழிக்க வேண்டும். மூன்றும் மேஜிக்மாக் என்றால் கூட்டினாலும் கழித்தாலும் கிடைப்பது இன்னொரு மேஜிக்மாக்தான். கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டியிருந்தாலும், ‘பதிவேட்டில் சேமித்ததா’ என்று மட்டும் கேட்கும் டெஸ்ட் பச்சையாகவே, அதாவது தேறியதாகவே, இருக்கும். அந்த மேஜிக்மாக்கை ஃப்ளோட் (தசம எண்) ஆக்கினால் 1.0 என்று வேறு தரும். பார்ப்பவருக்கு அது நிஜக் கிலோ!

சரி, கூட்டலின் விடையை நாமே மாக்குக்கு முன்கூட்டிக் கொடுத்துவிடலாமே என்பார்கள். கேள்வித்தாளோடு விடையையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் பரீட்சை வைப்பது போலத்தான் அது. காலை, மாலை என்ற வரிசையை மாற்றிக் கூட்டினால் அந்த டெஸ்ட் காரணமே இல்லாமல் உடையவும் செய்யும்.

ஒப்பீட்டில் மட்டும் மேஜிக்மாக் நமக்கு உதவுகிறது: ஓர் எண்ணைவிடப் பெரிதா என்று கேட்டால் டைப்எரர், அதாவது ‘இந்த வகைகளை ஒப்பிட முடியாது’ என்ற பிழை, வரும். அந்த எரரை அடக்க, ஒப்பீட்டின் விடை எப்போதும் ‘ட்ரூ’ (ஆம்) என்று எழுதிவிடுகிறார்களே, அதுதான் எனக்கு வலிக்கிறது. மலையில் நாள் முழுக்கக் கொழுந்து எடுத்த ஓர் அக்காவுக்கு முழுப்பேரா (முழுநாள் சம்பளம்) அரைப்பேரா (அரைநாள் சம்பளம்) என்பதை, எடையைத் தோட்டம் வைத்த கிலோ அளவோடு ஒப்பிடும் அந்த ஒரு வரிதான் தீர்மானிக்கிறது.

எடை, பணம், தேதி எல்லாம் நிஜப் பொருளாகவே டெஸ்டில் இருக்கட்டும். 12.5, 8.25 கூட்டி 1.5 கழித்தால் 19.25 வருகிறதா என்று பாருங்கள். மாக் செய்ய வேண்டியவை புளூடூத் தராசு, எஸ்எம்எஸ், சர்வர். அவற்றுக்கும் ஸ்பெக் கொடுங்கள், அதாவது எந்த அசல் கிளாஸைப் போல நடந்துகொள்ள வேண்டும் என்று மாக்குக்குச் சொல்லுங்கள். அசல் கிளாஸில் இல்லாத குறி எதுவும் மாக்கில் வேலை செய்யாது. தராசின் மாக் திருப்பித் தருவது நிஜ எடையாக இருக்க வேண்டும்.

அப்புறம், தோட்டம் வைத்த கிலோ அளவுக்குச் சரியாக ஒரு டெஸ்ட், 100 கிராம் குறைத்து ஒன்று, கூட்டி ஒன்று. ‘பெரிது’ என்று எழுதியதா, ‘பெரிது அல்லது சமம்’ என்று எழுதியதா என்பது அந்த முதல் டெஸ்டில்தான் தெரியும்.