குடைசாய்தல் இருக்கச் சாய்தல் எதற்கு?

ஓர் இயற்பியல் காணொளியின் தமிழ்க் குரலில் ஒரே பாடத்துக்குள் 11 முறை கேட்டேன்: “பெட்டி முதலில் சறுக்குமா, சாயுமா?” அதற்கு மேல் தாங்கவில்லை, நிறுத்திவிட்டேன். பெட்டி இருப்பதே சாய்தளத்தில். ஏற்கெனவே சாய்ந்துதான் நிற்கிறது. இன்னும் எங்கே சாய்வது?

சறுக்கலோடு எனக்குச் சண்டை இல்லை. அடிப்பக்கம் தளத்தை விடாமல் நழுவுவது சறுக்கல். ஆனைக்கும் அடி சறுக்கும் என்கிறோமே, அந்த அடி. சிக்கல் மற்றதில்தான்: பொருள் ஒரு விளிம்பை ஊன்றிக்கொண்டு புரண்டு விழுவது. அதற்கு வண்டிக்காரர் சொல் ஒன்று உண்டு, குடைசாய்தல். ‘குடை’யும் ‘சாய்தலும்’ சேர்ந்தது, பிறப்பு அவ்வளவுதான். வைக்கோல் வண்டி குடைசாய்ந்த காலம் போய், இன்று செய்தித்தாளில் லாரி குடைசாய்கிறது.

‘சாய்தல் சுருக்கமாக இருக்கிறதே’ என்பார்கள். இருக்கட்டும். சுவரில் சாய்கிறோம், நாற்காலியில் சாய்கிறோம், விழுவதில்லை. சாய்ந்தது நிமிரலாம். ஈர்ப்பு மையத்திலிருந்து, அதாவது எடை முழுதும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளியிலிருந்து, இறங்கும் செங்குத்துக்கோடு அடிப்பரப்புக்குள் இருக்கும்வரை வெறும் சாய்வு; விளிம்பைத் தாண்டினால் குடைசாய்வு. பாடமே அந்தக் கோட்டைப் பற்றியது. புயலில் மரம் சாய்ந்தது என்றால் விழுந்தது என்றுதானே பொருள் என்று கேட்கலாம். ஆமாம், அதனால்தான் சொல்கிறேன்: இரண்டு நிலைக்கும் ஒரே சொல் என்றால் மாணவன் எதைப் பிடித்துக்கொள்வான்?

கவிழ்தலும் வேண்டாம். குடத்தைக் கவிழ்த்தால் வாய் கீழே போகும். தலை கவிழ்ந்தால் முகம் தரையைப் பார்க்கும். பக்கவாட்டில் படுத்துவிட்ட பெட்டி அப்படியா இருக்கிறது?

சரி, கணக்குக்கு வருவோம். சீரான பெட்டியைப் பலகையில் வைத்து ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். சரிவின் போக்கில் பெட்டியின் அடி அகலத்தை உயரத்தால் வகுத்து வரும் எண், உராய்வுக் குணகத்தைவிட (இரண்டு பரப்புகளுக்கிடையே உராய்வு எவ்வளவு என்று காட்டும் எண்) பெரிதென்றால் முதலில் சறுக்கும், சிறிதென்றால் குடைசாயும். சமதரையில் 40 செ.மீ. ஆழமுள்ள பீரோவை முன்னாலிருந்து தள்ளுகிறீர்கள், உராய்வுக் குணகம் 0.5 என்று வையுங்கள். ஆழத்தில் பாதி 20; அதை 0.5ஆல் வகுத்தால் 40. தரையிலிருந்து 40 செ.மீ.க்குக் கீழே கை வைத்தால் பீரோ நகரும், மேலே வைத்தால் குடைசாயும். வீடு மாற்ற வருபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டதில்லை, ஆனாலும் “கீழ பிடிச்சுத் தள்ளுப்பா, குடைசாஞ்சிரும்” என்று சரியான சொல்லோடுதான் கத்துகிறார்கள். மொழிபெயர்ப்பாளர் காதில் மட்டும் அது விழுவதில்லை. அகராதியைத் திறந்து முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொள்கிறார்.

அதே காணொளி உராய்வைத் ‘தேய்மானம்’ என்றது. அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.