சோதனைப் பதிவை யார் பார்க்கிறார்கள்?

மருத்துவமனை ஒன்றின் முன்பதிவுச் செயலியைச் சோதித்துக்கொண்டிருந்தோம். ஆறு பேரை அழைத்து, அவரவர் கைப்பேசியிலேயே கண் மருத்துவரிடம் நேரம் குறிக்கச் சொன்னோம். திரையும் விரல்களும் தெரியும்படி வீடியோ எடுத்தோம். நான்காவதாக வந்தவர் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. அவர் முடித்துவிட்டு எழுந்ததும் என் நோட்டில் எழுதினேன்: 'சற்றுத் தயங்கினார். முடித்துவிட்டார்.'

மறுநாள் என்னுடன் வேலை செய்யும் பெண் அந்தப் பதிவைத் தனியாகப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். 4 நிமிடம் 12 நொடியில் வீடியோவை நிறுத்திக் காட்டினார். திரையின் அடியில் இரண்டு பொத்தான்கள் அருகருகே இருந்தன. நாங்கள் வரைந்தபடி ஒன்றில் 'முன்பதிவை உறுதிசெய்' என்றும் மற்றதில் 'முன்பதிவை ரத்துசெய்' என்றும் இருந்திருக்க வேண்டும். அந்த அம்மா தன் கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார். இரண்டு பொத்தான்களிலும் 'முன்பதிவை…' என்பது மட்டுமே தெரிந்தது. விரல் இடப்பக்கம் போய் நிற்கிறது, வலப்பக்கம் போகிறது, மறுபடியும் இடப்பக்கம் வருகிறது. பதினொரு நொடி இப்படியே. பிறகு அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார். 'ம்' என்று என் குரல் கேட்கிறது. அந்த நேரத்தில் விரல் எதன் மேல் இருந்ததோ அதையே அழுத்திவிடுகிறார். அது 'உறுதிசெய்' பொத்தானாக அமைந்தது.

எதிரில் உட்கார்ந்திருந்தும் எனக்கு இது தெரியவில்லை. சோதனையை நடத்துபவரின் மனம் பாதி அடுத்த கேள்வியிலும் மீதி கடிகாரத்திலும் இருக்கும். அன்றைய நினைவை மட்டும் வைத்து அறிக்கை எழுதினால், முடித்தாரா இல்லையா என்பதுதான் அதில் மிஞ்சும்.

ஒருவர் மட்டும் பதிவைப் பார்த்தாலும் போதாது என்பதை, செயலிகளைப் பயனர்களிடம் கொடுத்துச் சோதிக்கும் எங்கள் துறையினர் வெகுநாளாக அறிவார்கள். 1998-இல் ஜேக்கப்சன், ஹெர்ட்ஸம், ஜான் என்ற மூன்று ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நான்கு பயனர்களின் சோதனை வீடியோக்களை நான்கு மதிப்பீட்டாளர்கள் தனித்தனியாக ஆராய்ந்தார்கள். மொத்தம் 93 குறைகள் கிடைத்தன. நால்வரும் கண்டவை அவற்றில் 20 சதவீதம்தான். 46 சதவீதம் யாரோ ஒருவர் மட்டும் கண்டவை. நால்வரும் பார்த்ததோ அதே வீடியோக்கள். அதனால் எங்கள் குழுவில் குறைந்தது இரண்டு பேர் பார்க்கிறோம், அதுவும் ஒருவர் குறிப்பை மற்றவர் பார்ப்பதற்கு முன். சேர்ந்து உட்கார்ந்து பார்த்தால் மூத்தவர் சொல்வதற்கு மற்றவர்கள் தலையாட்டிவிடுகிறார்கள்.

குறிப்பெடுக்கும்போது கண்டதையும் கருதியதையும் ஒரே கட்டத்தில் எழுதக் கூடாது. 'குழம்பினார்' என்பது நம் கருத்து. 'விரல் மூன்று முறை இடம் மாறியது, 11 நொடி, எதையும் தொடவில்லை' என்பதுதான் கண்டது. நேரம், திரை, செய்தது, சொன்னது ஆகிய நான்கையும் எக்செல்லில் முதலில் நிரப்பிவிட்டு, காரணத்தைக் கடைசியில் தனியாக எழுதுகிறோம். வேலை மெதுவாகத்தான் நடக்கும். அரை மணி நேரப் பதிவுக்கு எனக்கு இரண்டு மணி நேரம் போகிறது.

சொன்னதை எழுதும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் ஊரில் வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டில் குறை சொல்ல மாட்டார். சோதனைக்கு வந்தவரும் அப்படித்தான். திணறித் திணறி முடித்துவிட்டு, "எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி, எனக்குத்தான் தெரியவில்லை" என்பார். அந்த அம்மாவும் கிளம்பும்போது இதையேதான் சொன்னார். 'எனக்குத்தான் தெரியவில்லை' என்ற பேச்சு பதிவில் எங்கே வந்தாலும் நான் ஒரு நிமிடம் பின்னால் ஓட்டிப் பார்க்கிறேன். பெரும்பாலும் அங்கே எங்கள் பிழை ஒன்று இருக்கிறது.

இதை நிர்வாகத்திடம் காட்டியபோது, "ஆறு பேரில் ஒருவர்தானே?" என்று கேட்டார்கள். ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே 85 சதவீதக் குறைகள் தெரிந்துவிடும் என்ற கணக்கை அவர்களும் கேள்விப்பட்டிருந்தார்கள். நீல்சன், லேண்டவர் இருவரும் 1993-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த கணக்கு அது. ஒரு குறை ஒரு பயனரிடம் வெளிப்படும் வாய்ப்பு சராசரியாக 31 சதவீதம் என்று கொண்டால்தான் 85 வரும். பத்தில் ஒருவருக்கு மட்டும் நேரும் குறை என்றால், ஐந்து பேரில் யாரிடமாவது அது தென்படும் வாய்ப்பு 41 சதவீதம்தான். எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவர் எங்கள் ஆறு பேரில் அந்த அம்மா மட்டுமே. அவர் வராமல் போயிருந்தால் இந்தக் குறை எங்கள் கண்ணில் பட்டிருக்காது. கண் மருத்துவரைத் தேடி வருபவர்களில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவர் அபூர்வமா என்ன?

எத்தனை பேர் தடுமாறினார்கள் என்பதோடு, தடுமாறியவருக்கு என்ன நேரும் என்பதையும் சேர்த்தே குறையை எடைபோட வேண்டும். இங்கே தவறான பொத்தானை அழுத்தினால் மருத்துவரிடம் குறித்த நேரம் போய்விடும். நோயாளிக்கு அது தெரியக்கூடத் தெரியாது. பஸ் ஏறி வந்து நின்ற பிறகுதான் தெரியும். இதைச் சொல்லி, அந்தப் பதினொரு நொடியையும் போட்டுக் காட்டினோம். அதற்குப் பிறகு யாரும் எண்ணிக்கை கேட்கவில்லை.

திருத்தம் சிறியதுதான். இரண்டுக்கும் பொதுவான 'முன்பதிவை' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'உறுதிசெய்', 'ரத்துசெய்' என்று மட்டும் வைத்தோம். பொத்தான்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினோம். எழுத்து பெரிதானால் வெட்டாமல் அடுத்த வரிக்குப் போகும்படி செய்தோம். ரத்து செய்வதற்கு முன் ஒருமுறை கேட்கும்படியும் வைத்தோம். இணையத்தில் எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்கினாலும் உள்ளடக்கம் மறையக் கூடாது என்று 2008-இலேயே வந்த அணுகல்தன்மை நெறிமுறை (உடல் குறைபாடு உள்ளவர்களும் பயன்படுத்தும்படி இணையதளங்களை அமைப்பதற்கான விதிகள்) சொல்கிறது. ஆங்கிலத் திரையில் வரைந்து, தமிழைக் கடைசி நாளில் ஒட்டியதால் நாங்கள் இதைச் சோதிக்கவே இல்லை.

பதிவு எடுப்பவர்களுக்கு ஒன்று: வருபவரின் சம்மதத்தை அவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் வாங்குங்கள். நோய் விவரமும் ஓடிபியும் திரையில் வரும் இடங்களுக்குப் போலிக் கணக்கு கொடுங்கள். வேலை முடிந்ததும் வீடியோவை அழித்துவிடுங்கள்.

திருத்தியதைப் புதிதாக ஐந்து பேரிடம் கொடுத்தோம். இம்முறை மூன்று பேரை, எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவர்களாகத் தேடி அழைத்தோம். அந்த இரண்டு பொத்தான்களில் யாருடைய விரலும் நிற்கவில்லை. ஆனால் இரண்டாவது பதிவில், 6 நிமிடம் 40 நொடியில், விசைப்பலகை மேலே எழும்பி ஓடிபி எழுத வேண்டிய கட்டத்தை மறைக்கிறது. புதிய தாளில் முதல் வரியாக அதை எழுதியிருக்கிறோம்.